ரெண்டு செட்டு

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாராம்மா?" என்று அந்த டாக்டரம்மா கேட்டபோது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஒண்ணும் கெடையாது டாக்டர். சுகர் இல்ல, பிரஷர் இல்ல. ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிச்சதில்ல எந்தம்பி" என்றேன்.

சொல்லும்போது குரலில் பெருமை வேறு. தம்பி உள்ளே கிடக்கிறான். இடுப்பு எலும்பும் வலது தொடையும் முறிந்து, விலா எலும்பு நான்கு உடைந்து, வாயில் குழாய் சொருகி, அவனுக்கு மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்திலும் எங்கள் குடும்பத்தின் ஆரோக்கியத்தைப் பற்றி நான் பீற்றிக்கொண்டேன். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணில் தூக்கம் சொக்க, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"யோசிக்க இன்னா கீது டாக்டர், என் கண்ணு முன்னாடி வளந்த பையன்."

அவர் "இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் ஆபீஸில் எனக்கு வேலை. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். நான்கு எழுத்து, ஏழு எண். அதில் ஒன்று பிசகினாலும் பெட்டி வேறு எங்கோ போய்ச் சேரும் என்று சொல்லிச் சொல்லியே டிரைவர்களின் உயிரை வாங்குவேன். வெயிலில் நின்று கத்திக் கத்தி வாயும் நீண்டுவிட்டது. அந்த அக்காகிட்ட மட்டும் தப்பான பேப்பரை நீட்டாதே என்று அவர்களுக்குள் பேச்சு உண்டு. கேட்ட கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்கிறவள் என்கிற கர்வம் எனக்கு எப்போதும் உண்டு.

தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடுமேன். லாரியில் வரும் கம்பிக்கட்டு, ஆங்கிள், பிளேட் எல்லாவற்றையும் இறக்குவதும் ஏற்றுவதும்தான் வேலை. இப்போது கிரேன் இருக்கிறது, ஆனாலும் கிரேன் தூக்குவதற்கு முன்னாலும் பின்னாலும் மனிதனின் தோள்தான் வேண்டும். அன்று காலை பத்து மணிக்கு ஒரு லாரியிலிருந்து ஆங்கிள் கட்டு ஒன்றை இறக்கும்போது கிரேனின் பெல்ட் நழுவி, கட்டு சரிந்து அவன் இடுப்பின் மேல் விழுந்திருக்கிறது. நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அவன் செருப்பை ஒரு பாலிதீன் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் காலையில் அரை மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒரே ஒரு ஆள் உள்ளே போகலாம். தம்பி பெண்டாட்டி முதல் நாள் உள்ளே போய், அந்தக் குழாய்களைப் பார்த்ததும் மயங்கி விழுந்து, அவளைத் தூக்க இரண்டு பேர் வர வேண்டியதாகிவிட்டது. "என்னால ஆவாது அண்ணி, நீயே போ" என்று பாஸை என்னிடம் கொடுத்தாள். அந்த அட்டையை நான் என் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஜிப்பைத் திறப்பேன், துழாவி அட்டையை எடுப்பேன், காவலாளியிடம் காட்டுவேன், திரும்ப உள்ளே வைப்பேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஷினில் பெரிய சிரிஞ்சு ஒன்றைப் படுக்க வைத்திருந்தார்கள். அதிலிருந்து வலி மருந்து சொட்டுக் கணக்கில் இடைவிடாமல் நரம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. அபின் வகையைச் சேர்ந்த மருந்து அது என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். நாகர்கோவில்காரப் பெண். அவர் பேசுவது எனக்குப் பாதி புரியும், நான் பேசுவது அவருக்குக் கால்வாசிதான் புரியும். குழாயைப் பிடுங்கிவிடுவான் என்று தம்பியின் கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். நான் உள்ளே இருக்கும் நேரம் மட்டும் ஒரு கையை அவிழ்த்துவிடுவார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அந்தக் கை என் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் சேர்த்துப் பிடித்து அழுத்தியது. கண்ணைத் திறக்கவில்லை. நெற்றி மட்டும் சுருங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. திருவொற்றியூர் ஹைரோட்டில் லாரிகளுக்கு நடுவில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது இப்படித்தான் பிடிப்பான். முழுக் கையைக் கொடுத்தால் வேண்டாம் என்பான், இரண்டு விரல்தான் வேண்டும்.

"வலிக்குதாடா? வலிச்சா அமுக்கு."

அழுத்தினான். நகம் பதியும் அளவுக்கு அழுத்தினான்.

நான் போட்ட கூச்சலில் அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. "சிஸ்டர்! வலில துடிக்கிறான், நீங்க பாட்டுக்கு எழுதிகினு கீறீங்களே! அந்த மருந்தக் கொஞ்சம் கூட வெச்சா கொறஞ்சா பூடுவீங்க?"

"எக்கா, சத்தம் போடாதீங்க. டாக்டர்ட்ட கேக்கணும்லா?"

கேட்டார். டாக்டரம்மா வந்து, தம்பியைப் பார்த்து, சாதாரணமாக இந்த எடைக்கு இவ்வளவு மருந்து போதும், இவருக்குப் போதவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மெஷினில் எண்ணைக் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் நெற்றிச் சுருக்கம் போயிற்று. விரல் பிடி தளர்ந்தது. நான் வெளியே வந்து, ஏதோ சண்டையில் ஜெயித்தவள் மாதிரி தம்பி பெண்டாட்டியிடம், "கேட்டாத்தான்டி குடுக்கறாங்க. வாய் இல்லன்னா இங்க பொழைக்க முடியாது" என்றேன். இரண்டு பேரும் டீ குடித்தோம். அதற்குப் பிறகு மூன்று நாளும் உள்ளே போகும்போதெல்லாம் அவன் விரலை அழுத்துவான், நான் சத்தம் போடுவேன், எண் கூடும்.

அவனுக்குச் சாப்பாடு மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான். அவர்கள் கொடுக்கும் திரவத்தோடு வீட்டுக் கஞ்சியும் நன்றாக வடிகட்டிக் கொண்டு வரலாம் என்று சொன்னார்கள். தம்பி பெண்டாட்டி கேழ்வரகை ஊறவைத்து, அரைத்துப் பால் எடுத்து, காய்ச்சி, வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி ஃபிளாஸ்கில் கொண்டு வருவாள். ஒவ்வொரு முறை ஊற்றுவதற்கு முன்னும் நர்ஸ் அந்தக் குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி இழுத்துப் பார்ப்பார். போன வேளை ஊற்றியது வயிற்றிலேயே கிடக்கிறதா, கீழே இறங்கிவிட்டதா என்று பார்ப்பதற்கு.

நான்காம் நாள் காலையில் ஊற்றியது முழுதும் அப்படியே சிரிஞ்சில் திரும்பி வந்தது.

"பரோட்டா எட்டு துன்னுட்டு, அதுக்கு மேல சோறு எங்கன்னு கேக்கறவன் சிஸ்டர் இவன். இவனுக்கா செரிக்கல?" என்றேன் சிரித்துக்கொண்டே.

நர்ஸ் சிரிக்கவில்லை. டாக்டரம்மா வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். வலி மருந்து வலியை மட்டும் தூங்க வைப்பதில்லை, குடலையும் இரைப்பையையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும், அதனால் உணவு கீழே இறங்காமல் தங்கிவிடுகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கஞ்சியை நிறுத்தச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமும் அவன் என் விரலை அழுத்தினான். நான் அன்றும் சத்தம் போட்டேன். டாக்டரம்மா சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டும், என் சத்தத்தைத் தம்பியின் வயிற்றோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஆறாம் நாள் காலை. நர்ஸ் சிரிஞ்சை இழுத்தார். பழுப்பாக வந்தது. காப்பித் தூளைத் தண்ணீரில் கலக்கினது போலத் திப்பித் திப்பியாக.

"அது கேவுரு சிஸ்டர்," என்றேன். "கேவுருக் கஞ்சி அந்தக் கலருலதான் இருக்கும்."

"எக்கா, கஞ்சி நிறுத்தி ரெண்டு நாளாச்சு."

சொல்லிக்கொண்டே அவர் வேகமாக டாக்டரைக் கூப்பிடப் போனார். நான் அந்தச் சிரிஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது கேழ்வரகாகவே இருக்கட்டும், தப்பு நர்ஸுடையதாகவே இருக்கட்டும் என்று என் மனம் கெஞ்சியது.

திரையை இழுத்து மூடி என்னை வெளியே அனுப்பினார்கள். கருவி வந்தது, வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம். தம்பி பெண்டாட்டி பாயில் உட்கார்ந்து, காலி ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்து என்னைத் தனியாக அழைத்தார். இரைப்பையின் உள்சுவர் முழுதும் வீங்கிச் சிவந்திருக்கிறது, ஓரிடத்தில் புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது, அந்த இடத்தை அடைத்திருக்கிறோம் என்றார். பெரிய காயம் பட்டு இங்கே படுத்திருப்பவர்களுக்கு வயிறு புண்ணாவது உண்டு, அதற்காக முதல் நாளிலிருந்தே மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார். பிறகு, "ஆனா இது இந்த அஞ்சு நாள்ல வந்த புண்ணு மட்டும் இல்லம்மா. பழைய புண்ணும் இருக்கு. பிரஷரும் ரெண்டு நாளா நிக்க மாட்டேங்குது, ஏன்னு எங்களுக்குப் பிடிபடல. இவர் செய்யற வேலைக்கு உடம்பு வலின்னு ஏதாவது வாங்கிப் போடுவாரா?" என்றார்.

"ஓ, செட்டா?" என்றேன். "அது டெய்லி போடுவான் டாக்டர்."

என் வாயிலிருந்து அது அவ்வளவு சாதாரணமாக வந்தது.

எங்கள் பக்கத்தில் செட்டு என்றால் தெரியாதவர்கள் யாரும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் போய் உடம்பு வலிக்கு ஒரு செட்டு என்றால், டப்பாக்களிலிருந்து மூன்று நான்கு மாத்திரையை உதிரியாக எடுத்து, சின்னக் காகித உறையில் போட்டு மடித்துத் தருவார்கள். பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. சாத்தாங்காட்டில் காலையில் முதல் லாரிக்கு முன்னால் ஒரு டீ, அந்த டீயோடு ஒரு செட்டு. போட்டால் தோள் வலி, இடுப்பு வலி மத்தியானம் வரைக்கும் எட்டிப் பார்க்காது. மத்தியானம் சில பேர் இன்னொன்று போடுவார்கள். வெறும் வயிற்றில்தான் சீக்கிரம் கேட்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நெஞ்சு எரிந்தால் சோடா. மாத்திரை என்றால் எங்களுக்குச் சர்க்கரைக்குப் போடுவது, பிரஷருக்குப் போடுவது, டிபிக்கு அட்டை வைத்துக்கொண்டு வாங்கிப் போடுவது. நோயாளி போடுவதுதான் மாத்திரை. செட்டு போடுகிறவன் நோயாளி இல்லை, வேலைக்குப் போகிறவன். "டீ குடிப்பாரா" என்று டாக்டர் கேட்டிருந்தால் ஒருவேளை எனக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"எந்த மாத்திரைன்னு தெரியுமா?" டாக்டரம்மா கேட்டார்.

நான் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். பாஸ் அட்டைக்குப் பின்னால் இரண்டு காகித உறைகள் இருந்தன. விபத்து நடந்த அன்று காலை வேலைக்குப் போகிற வழியில் நான்தான் வாங்கினேன். என் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கடை. அக்கா, ரெண்டு செட்டு வாங்கிக்கினு வா என்பான், வாங்கி வைத்து, சாயங்காலம் வீடு திரும்பும்போது மறுநாளைக்கு என்று அவன் வீட்டில் கொடுப்பேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக இதுதான் வழக்கம். அக்கா தம்பிக்குச் செய்கிற உதவி என்றே நினைத்திருந்தேன். இந்த ஆறு நாளில் ஒவ்வொரு முறை பாஸை எடுக்கும்போதும் இந்த உறைகள் என் விரலில் பட்டிருக்கின்றன. ஒரு முறை அட்டையோடு சேர்ந்து வெளியே வந்ததை நானே திரும்ப உள்ளே தள்ளியிருக்கிறேன்.

டாக்டரம்மா கேஸ் ஷீட்டின் மேல் ஒரு உறையைப் பிரித்துக் கொட்டினார். நான்கு மாத்திரைகள். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று, கடுகை விடக் கொஞ்சம் பெரிதாகக் குட்டி வெள்ளை ஒன்று. பெயர் இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகப் பேனா முனையால் நகர்த்தினார். இது இரைப்பையை அரிக்கும் வலி மாத்திரை மாதிரி இருக்கிறது. இது நாங்கள் சிரிஞ்சில் கொடுக்கிற மருந்துக்குத் தம்பி முறை, தினமும் போட்டுப் பழகியவருக்கு எங்கள் அளவு எப்படிப் போதும்? இது கேஸ் மாத்திரை. கடைசியாக அந்தக் குட்டி மாத்திரையில் பேனா நின்றது.

"இது ஸ்டீராய்டா இருந்தா, வருஷக் கணக்கா போட்டவங்களுக்கு உடம்பு தானா சுரக்க வேண்டியதைச் சுரக்கறத நிறுத்திடும்மா. திடீர்னு நிறுத்தினா பிரஷர் விழுந்துடும். அதத்தான் ரெண்டு நாளா தேடிட்டிருந்தோம்."

"அப்போ நான்தானா டாக்டர்?" என்றேன். "நான் மொதல்லயே சொல்லியிருந்தா?"

"இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்ததுதான். ஆனா தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

திட்டியிருக்கலாம். திட்டினால் திருப்பித் திட்ட எனக்குத் தெரியும். அவர் திட்டவில்லை. "நானும் இனிமே மாத்திரைன்னு கேக்காம, செட்டு போடுவாங்களான்னு கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். நான் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதேன்.

தம்பி பெண்டாட்டியிடம் சொன்னபோது அவள் என்னை அடிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நீ வாங்கித் தருவே அண்ணி. நான் சோத்து டப்பா மூடிக்குள்ள ஒண்ணு வெச்சு அனுப்புவேன், மத்தியானத்துக்கு. மறந்துட்டா சண்ட போடுவாரு," என்றாள்.

அன்றிலிருந்து அவனுக்கு அந்தக் குட்டி மாத்திரைக்குப் பதிலாக ஊசி போட்டார்கள். பிரஷர் மெல்ல ஏறியது. ஆனால் வயிறு அசைந்து கொடுக்க வேண்டும் என்றால் வலி மருந்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஒரேயடியாக நிறுத்தவும் முடியாது, பழைய அளவில் ஓட்டவும் முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம், வேறு மருந்தும் சேர்க்கிறோம், இருந்தாலும் வலி தெரியும், நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். வலி அவனுக்கு, பொறுத்துக்கொள்ள வேண்டியது நானாம். அப்போது அது எனக்கு அபத்தமாகப் பட்டது.

சாயங்காலம் உள்ளே போனேன். நர்ஸ் அவன் கையை அவிழ்த்துவிட்டார். கை என் விரல்களைத் தேடிப் பிடித்தது. அழுத்தியது. நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எப்போது கத்துவேன் என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தது. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். இன்னும் பலமாக அழுத்தினான்.

"பொறுத்துக்கோடா. கொஞ்ச நாளு. உன் வயிறு சரியாவணும்டா" என்றேன்.

அவன் கண்ணைத் திறந்தான். ஆறு நாளில் அப்போதுதான் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தான். குழாய் இருப்பதால் பேச முடியாது. அந்தப் பார்வையில் கோபமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அழுத்தினால் அக்கா கத்துவாள், கத்தினால் வலி போகும் என்று அந்த மயக்கத்திலும் அவன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். இன்றைக்கு அக்காவுக்கு என்ன ஆயிற்று? மறுபடி அழுத்தினான். மறுபடி. அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. நேரம் முடிந்து நர்ஸ் அவன் விரல்களை என் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

பதினோரு நாள் இப்படிப் போனது. ஒவ்வொரு நாளும் போவதற்கு முன்னால் போக வேண்டாம் என்று தோன்றும். ஒவ்வொரு நாளும் போனேன். பிறகு சிரிஞ்சில் இழுத்தது தெளிவாக வந்தது, கஞ்சி கீழே இறங்கியது, வாய்க் குழாயை எடுத்தார்கள். குரல் கரகரத்து அவன் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை தண்ணீர் இல்லை.

"அக்கா, செட்டு கீதா?"

இல்லை என்றேன். நீ பொழச்சதே அதுல இருந்து தப்பிச்சுத்தான் என்று சொன்னேன். அவனுக்கு ஏறவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தான், இடுப்பில் கம்பி இருந்ததால் அதுவும் முடியவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறான். வலது கால் ஒரு விரற்கடை குட்டை. வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் நடப்பான். இனிமேல் செட்டைத் தொடவே கூடாது, இன்னொரு முறை வயிற்றில் ரத்தம் கசிந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்று சீட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். காய்ச்சலுக்குப் போடுகிற வெள்ளை மாத்திரை ஒன்றுதான் அனுமதி. கடல் காற்று ஈரமாக வீசுகிற நாட்களில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் குத்தும். சுவரில் தலையை முட்டிக்கொள்வான். தம்பி பெண்டாட்டி போனைப் போட்டு, "நீயே கேளு அண்ணி" என்று அவன் காதில் வைப்பாள். அவன் பேச மாட்டான், முனகல்தான் கேட்கும். நான் ஆபீஸில் பெட்டி எண்களைப் பார்த்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலை பஸ்ஸுக்கு நிற்கிறேன். மெடிக்கல் ஷாப்காரர் எதிரிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், தம்பிக்கு ரத்தம் தேவைப்பட்டபோது அவர் பையன்தான் முதலில் போய்க் கொடுத்தான். போனேன். "தம்பி எப்டிக்கா கீது? நடக்குதா?" என்று கேட்டுக்கொண்டே, கை பாட்டுக்கு டப்பாக்களைத் திறந்து, உதிர்த்து, மடித்து, இரண்டு உறைகளை என் முன்னால் வைத்தார்.

நான் கத்தினேன். அங்கே நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க, அவரைக் கண்டபடி பேசினேன். "இத்தப் போட்டுத்தான்யா அவன் வயிறு அழுகிச்சு! இன்னா குடுக்கறோம்னு உனுக்காச்சும் தெரியுமா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இத்தினி வருசமா நீதானேக்கா வந்து வாங்கினே," என்றார். பின்னால் நின்ற ஒருவர், லோடு வேலைக்காரர்தான், தோளில் துண்டு, என்னை விலக்கிக் கையை நீட்டினார். "நவுருக்கா, லாரி வந்துட்டிருக்கும்." என் முன்னால் கிடந்த இரண்டு உறைகளையும் அவரே எடுத்துக்கொண்டு போனார்.

போன வாரம் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், எலும்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க. வேறு டாக்டர், இளம் பையன். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். சீட்டில் எழுத ஆரம்பித்தவர், தலை நிமிராமலேயே கேட்டார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றான் தம்பி.

பதில் அவ்வளவு வேகமாக வந்தது. சொல்லும்போது அவன் கை தன் சட்டைப் பையின் மேல் போய் உட்கார்ந்தது. என்னைப் பார்த்தான். வேண்டாம்க்கா என்று அந்தக் கண் சொன்னது. யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, இன்று வரை கேட்கவில்லை. மார்க்கெட்டிலிருந்து பார்க்க வந்தவர்களாக இருக்கலாம். தம்பி பெண்டாட்டியாகவும் இருக்கலாம். அவன் தலையைச் சுவரில் முட்டும்போது பக்கத்தில் இருப்பது அவள், நான் இல்லை.

அவன் கையை விலக்கி, பைக்குள் விரலை விட்டு, உறையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "இத்தப் போடறான் சார்."

டாக்டர் பிரித்துப் பார்த்தார். பழைய சீட்டைப் புரட்டி அடிக்கோட்டைப் பார்த்தார். உறையைக் குப்பைக்கூடையில் போட்டார். "இதெல்லாம் கூடாதுன்னு எழுதியிருக்கே" என்றார்.

"வலிக்குதே சார்," என்றான் தம்பி. குரல் உயரவில்லை. "நீங்க குடுக்கறது கேக்கல. இதுவும் கூடாது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க."

டாக்டர் மறுபடி பேனாவை எடுத்தார். வலிக்கென்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது, அங்கே எழுதித் தருகிறேன், முறை வர நாளாகும், அதுவரைக்கும் இதையே தொடருங்கள் என்று அதே வெள்ளை மாத்திரையை எழுதிக் கொடுத்தார். நான் சீட்டை வாங்கி மடித்துக் கைப்பையில், பக்கவாட்டு ஜிப்புக்குள் வைத்தேன். இப்போது அங்கே வேறு எதுவும் இல்லை.

வெளியே வந்ததும், "உனுக்கு இன்னா தெரியும் என் வலி" என்றான் தம்பி. அவ்வளவுதான். ஆட்டோவில் ஏறியதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள், பழக்கத்தில் என் கண் பெட்டி எண்களைப் படித்துக்கொண்டே வந்தது. லாரிகள் போய்ப் போய்ப் பள்ளமான சாலை. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. அவன் உடம்பு விறைத்தது. முகத்தைத் திருப்பாமலேயே கையை மட்டும் நீட்டி, என் மடியில் துழாவி, என் இரண்டு விரல்களைப் பிடித்து அழுத்தினான்.

அங்கே கத்திக் கூப்பிட சிஸ்டர் யாரும் இல்லை.

"கொஞ்சம் மெதுவா போப்பா" என்றேன் டிரைவரிடம்.

அவர் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார்.